தொலையாத சாவி

நாலு மீட்டர் என்றது போன். பிறகு ஏழு என்றது. சென்னியப்பன் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை, போன்தான் அசைந்தது, அல்லது மேலே வானத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் எதுவோ அசைந்தது. அம்புக்குறி ஒரு தடவை குளத்துக்குள் காட்டியது, ஒரு தடவை அவன் முதுகுக்குப் பின்னால் மக்காச்சோளம் சுட்டுக்கொண்டிருந்தவளைக் காட்டியது. கிட்ட வந்ததுக்கப்புறம் போனை நம்பாதீங்க மாமா, பையில போட்டுட்டுக் கண்ணால தேடுங்க என்று சொல்லிக்கொடுத்தவன் மோகன்ராஜ், மனைவி ருக்மணியின் தம்பி, ஓசூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன். கண்ணால தேடுங்க. போனைச் சட்டைப் பையில் போட்டபோது அங்கே ஏற்கெனவே கிடந்த வேன் சாவியில் இடித்தது. பித்தளை வேல் கோத்த சாவி. பையின் துணியை எப்போதும் கீழே இழுத்துக்கொண்டே இருக்கும், அவன் சட்டைகள் எல்லாம் முதலில் நைந்தது அந்த இடத்தில்தான். நாளைக்குக் காலாண்டு லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறக்கிறது. காலையில் வேனை எடுக்க வேண்டும். எடுக்கலாமா என்பதை இன்றைக்குச் சாயந்திரத்துக்குள் முடிவு செய்துவிடுவது என்று சுங்கத்துக் குளக்கரைக்கு வந்திருக்கிறான். இங்கே எங்கேயோ ஒரு சின்ன டப்பா ஒளிந்திருக்கிறது. அது கிடைத்தால் கண்ணில் ஒன்றும் இல்லை, வண்டி எடுப்பான். கிடைக்காவிட்டால் என்ற வாக்கியத்தை வீட்டிலிருந்து பஸ் ஏறியபோதும் அவன் முடிக்கவில்லை, இறங்கியபோதும் முடிக்கவில்லை.

ஆட்டத்தின் பெயர் ஜியோகேச்சிங். அவன் வாயில் அது வரவில்லை, டப்பா ஆட்டம் என்றே சொல்லிக்கொண்டான். உலகம் முழுக்க யார் யாரோ விரல் தண்டி, கட்டைவிரல் தண்டி டப்பாக்களை ஒளித்துவைத்து, ஒளித்த இடத்தைப் போனில் புள்ளியாகப் போட்டுவிடுகிறார்கள். வேறு யார் யாரோ தேடிப்போய் எடுத்து, உள்ளே இருக்கும் காகிதச் சுருளில் தன் பேரை எழுதி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வருகிறார்கள். எடுத்தவனுக்கு ஒன்றும் கிடையாது. "ஒண்ணுமே இல்லாததுக்கா இத்தனை அலைச்சல்?" என்று ருக்மணி கேட்டாள். "அதுதாக்கா ஜாலியே," என்றான் மோகன்ராஜ். ஆடிக்கு வந்திருந்தபோது மாமனைப் பைக்கில் உட்காரவைத்து ஒரு பூங்காவுக்குக் கூட்டிப்போனான். இரும்பு வேலிக்குப் பக்கத்தில் இரண்டு பேரும் நின்றார்கள். சென்னியப்பன் மேலே பார்த்தான், கீழே பார்த்தான், புல்லை விலக்கிப் பார்த்தான். மோகன்ராஜ் கையைக் கட்டிக்கொண்டு சிரித்தான். "மாமா, உங்க முட்டிக்குப் பக்கத்துல." எங்கே. "அட, இடது முட்டிங்க." குனிந்து, தலையைத் திருப்பி, இன்னும் கொஞ்சம் திருப்பி, அதற்குப் பிறகுதான் வேலிக் கம்பியில் செருகியிருந்த பிலிம் ரோல் டப்பா வந்தது. தெரிந்தது என்று சொல்ல முடியாது, வந்தது. இத்தனை நேரம் கதவுக்குப் பின்னால் நின்றிருந்த ஆள் போல. "புதுசுதானுங்க, எல்லாருக்கும் அப்படித்தான். கண்ணுக்குப் பழக்கம் வரணும்," என்று சொல்லி மோகன்ராஜ் பேனாவைக் கொடுத்தான், "உங்க பேரையும் எழுதுங்க மாமா." எழுதினான். அன்றைக்கு எழுதினான். கண்ணுக்குப் பழக்கம் வரணும் என்ற சொல் அவனுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. நோய் என்று எவனும் சொல்லவில்லை பார், பழக்கம்தான்.

அதற்குப் பிறகு தனியாக மூன்று இடத்துக்குப் போயிருக்கிறான். ஒன்று, டப்பா தொலைந்துபோனது என்று அவனுக்கு முன்னால் போனவர்களே எழுதியிருந்தார்கள். அங்கே அவன் சந்தோஷமாகத் தேடினான், கிடைக்காத டப்பாவைத் தேடுவது போல் நிம்மதி வேறில்லை. இரண்டாவதில் மழை. மூன்றாவதில் நாய். எதிலும் கிடைக்கவில்லை, எதற்கும் காரணம் இருந்தது. இன்றைக்குக் காரணம் எதுவும் இருக்கக் கூடாது என்று கடினத்துக்கு ஐந்தில் ஒரு நட்சத்திரம் போட்டிருந்த இடமாகப் பார்த்து எடுத்தான். ஆரம்பக்காரர்களுக்கானது, சின்னக் குழந்தைகளோடு போகலாம் என்று போட்டிருந்தது. வந்த பிறகு பயம் வந்தது. சிமெண்ட் பெஞ்சு, அதற்கு இரும்புக் கால், பக்கத்தில் விளக்குக் கம்பம், குப்பைத்தொட்டி, குளத்துக்கும் நடைபாதைக்கும் நடுவில் கைப்பிடிக் கம்பி. இவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமைச் சாயந்திரம், ஊரில் பாதிப் பேர் இங்கே நடக்கிறார்கள். பாலத்தின் மேல் லாரி போகும்போது காலடியில் தரை லேசாக அதிர்ந்தது. ஆகாயத்தாமரை வாடை, அதற்கு மேல் சோளத்தில் தேய்த்த எலுமிச்சை வாடை. அவன் பெஞ்சைச் சுற்றி வந்தான். கம்பத்தைச் சுற்றி வந்தான். யாரும் பார்க்காத மாதிரி தேட வேண்டும் என்பதும் ஆட்டத்தில் ஒரு விதி. ஐம்பது வயது ஆள் ஒரு விளக்குக் கம்பத்தைத் தடவிக்கொண்டு நிற்பதை யாரும் பார்க்காத மாதிரி எப்படிச் செய்வது? குனிந்து செருப்பு வாரைச் சரி செய்தான். நிமிர்ந்தான். மறுபடியும் குனிந்து அதே வாரைச் சரி செய்தான்.

கிடைக்காவிட்டாலும் அதற்கு அர்த்தம் இல்லையே. அது ஒளித்து வைத்ததுதானே. ஒளித்து வைத்ததை நல்ல கண்காரனும்தான் தவறவிடுவான். அப்படிப் பார்த்தால் இந்தச் சோதனையில் தோற்கவே முடியாது. கிடைத்தால் கண் நன்றாக இருக்கிறது, கிடைக்காவிட்டால் டப்பா நன்றாக ஒளிந்திருக்கிறது. இந்த எண்ணம் இப்போதுதான் தோன்றியது போல நடித்துப் பார்த்தான், இல்லை, பஸ்ஸிலேயே தெரியும், அதற்கு முன்னாலும் தெரியும், இதற்காகத்தான் இந்த ஆட்டத்தையே பிடித்தான். கண் ஆஸ்பத்திரியில் அந்த வசதி கிடையாது. அங்கே வெள்ளைக் கிண்ணம் மாதிரி ஒன்றுக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள், ஒரு கண்ணை மூடிவிட்டார்கள், கையில் ஒரு பொத்தான். நேராக நடுப் புள்ளியைப் பாருங்கள், ஓரத்தில் எங்கேயாவது வெளிச்சம் மின்னினால் அமுத்துங்கள். முதலில் மின்னியது, அமுத்தினான். மின்னியது, அமுத்தினான். பிறகு வெகு நேரம் ஒன்றும் மின்னவில்லை. மெஷின் மட்டும் உள்ளே டிக் டிக் என்று ஓடிக்கொண்டிருந்தது. மெஷின் சும்மா ஓடாதே, எங்கேயோ காட்டுகிறது, எனக்குத்தான் தெரியவில்லை என்று தோன்றியது. முப்பது வருடமாக இன்ஜின் சத்தத்தை வைத்தே கியர் போடுகிறவன் அவன். டிக் சத்தத்தின் கணக்கைப் பிடித்துக்கொண்டு அதற்கேற்ப அமுத்த ஆரம்பித்தான். கொஞ்ச நேரத்தில் சோதனை எடுத்த பெண் மெஷினை நிறுத்தினாள். "அண்ணா, வெளிச்சம் தெரிஞ்சா மட்டும் அமுத்துங்க. காட்டாதப்பவும் அமுத்தறீங்க." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், திட்டவில்லை. மறுபடியும் ஓடியது, மறுபடியும் அமுத்தினான். டாக்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டு இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, புதன்கிழமை வந்து திரும்ப எடுங்கள் என்றார். கண்ணுக்குள் அழுத்தம் அதிகமாக இருக்கிறது, அது நரம்பைத் தின்றுகொண்டு போகும், ஓரத்திலிருந்து போகும், வலிக்காது. "என்ன வேலை பாக்கறீங்க?" "விவசாயமுங்க," என்றான். அந்தப் புதன்கிழமைக்குப் பிறகு நிறையப் புதன்கிழமைகள் போய்விட்டன. இருட்டாகத் தெரியுமா டாக்டர் என்று மட்டும் கேட்டிருந்தான். இல்லை, இருட்டு தெரிந்தால் எல்லோரும் சீக்கிரமே வந்துவிடுவார்களே என்றார் டாக்டர், தெரியாத இடத்தைச் சுற்றியிருப்பதை வைத்து மூளையே நிரப்பிக்கொள்ளும். ரோடு இருந்தால் ரோடு, புல் இருந்தால் புல்.

ரோடு இருந்தால் ரோடு. அன்றைக்கு ரோடுதான் இருந்தது. பரீட்சை முடிந்த கடைசி நாள், வேனுக்குள் ஒரே கூச்சல், யூகேஜி ஹாசினியை அவள் வீட்டுச் சந்து முனையில் இறக்கினார்கள். ஆயா பாப்பாத்தியக்கா இறக்கிவிட்டாள், கதவைச் சாத்தினாள், வேனைத் தட்டினாள், போலாம் என்பதற்கு அதுதான் அடையாளம். அவன் கண்ணாடியைப் பார்த்தான். முன்னால் பார்த்தான். ரோடு இருந்தது. பிரேக்கிலிருந்து காலை எடுத்தான். "அண்ணா, வண்டிய நிறுத்துங்க!" அந்தக் குரலை இதற்கு முன் அவன் கேட்டதில்லை, இருபது குழந்தைகளை அடக்குகிற பாப்பாத்தியக்காவின் குரல் அது இல்லை. பென்சில் பாக்ஸ் விழுந்திருக்கிறது. எடுக்க ஹாசினி திரும்பி வந்திருக்கிறாள். இடது பக்கம், பம்பருக்கு அருகில், குந்த உட்கார்ந்து பென்சில்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றாக, நிறத்தைப் பார்த்துப் பார்த்து. அவனைப் பார்த்து, "வேன் மாமா, ரப்பர் உருண்டுருச்சு," என்றாள். "பாத்துப் போ கண்ணு," என்றான். அந்த உயரத்துக்கு யாருக்குமே தெரியாது அண்ணா, பேனட் மறைக்கும், என் மேலேயும் தப்பு, இனி சந்துக்குள்ள போற வரைக்கும் நிப்பேன் என்று பாப்பாத்தியக்கா அழுதாள். தெரியாதுதான். எந்த டிரைவருக்கும் தெரியாது. லாரிக்காரனுக்கும் தெரியாது. ஆனால் அவள் அந்த இடத்துக்கு நடந்து வந்திருக்க வேண்டுமே. கதவிலிருந்து பம்பர் வரைக்கும் நடந்து வந்திருக்கிறாள், நிமிர்ந்தபடி, சிவப்பு ரிப்பன் கட்டி, கண்ணாடி வழியாகத் தெரிகிற உயரத்தில். அங்கே அவன் பார்த்தது ரோடு. மஞ்சள் பென்சில் பாக்ஸ். மூடியில் ஒரு முயல். லீவு முழுக்க அந்த முயல் வந்தது. சாப்பிடும்போது வந்தது. ருக்மணி டைலர் கடையிலிருந்து வந்து காலை நீட்டிக்கொண்டு ஏதோ சொல்லிக்கொண்டிருப்பாள், அவன் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே, அவள் கை எங்கே இருக்கிறது, தெரிகிறதா, தெரிகிறதா என்று சோதித்துக்கொண்டிருப்பான். "என்னுங்க, நான் பேசறது காதுல உளுகுதா இல்லையா?" காதில் விழுகிறது. காதில் எல்லாம் விழுகிறது.

பெஞ்சின் அடியைத் தடவினான். காய்ந்த பபிள்கம். போனில் குறிப்பு என்று ஒரு கட்டம் இருக்கிறது, தொட்டால் திறக்கும். தேடிச் சலித்தவர்களுக்காக ஒளித்தவர் எழுதிவைப்பது. இதுவரை அதைத் தொட்டதில்லை. குறிப்பு பார்த்துத் தேடினால் அது தேடலா என்று மோகன்ராஜிடம் பெருமையாகச் சொன்னான், பெருமை இல்லை, குறிப்பைப் பார்த்த பிறகும் கிடைக்காவிட்டால் சாக்கு ஒன்று குறையும். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. தொட்டான். இரும்பில் காந்தத்தோடு ஒட்டியிருக்கிறது, சிவப்பு, மறைக்கவில்லை என்று தமிழில் வந்தது. மறைக்கவில்லை. அந்த ஒரு வார்த்தையைத் திரும்பத் திரும்பப் படித்தான். அவன் திறந்து வைத்திருந்த பின்வாசலை யாரோ வெளியிலிருந்து சாத்திவிட்டார்கள். சரி, யாராவது எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். சிவப்பாக இருந்தால் பொம்மை என்று குழந்தை எடுத்திருக்கும். கைப்பிடிக் கம்பியை மறுபடி பார்த்தான், கம்பத்தின் அடியைப் பார்த்தான், பெஞ்சின் முன்னால் மண்டியிட்டு இடது கையைச் சிமெண்ட் விளிம்பில் ஊன்றிக்கொண்டு குப்பைத்தொட்டியின் இரும்புச் சட்டத்தை ஆராய்ந்தான். "ஏனுங்க, என்னத்தைத் தேடறீங்க?" நிமிர்ந்தான். வெள்ளை ஷூ போட்ட ஒரு பெண், முப்பத்தைந்து வயது இருக்கும், நடையை நிறுத்தாமல் நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தாள். பின்னால் துண்டால் கழுத்தைத் துடைத்தபடி அவள் புருஷன். இப்படி யாராவது கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்பதையும் மோகன்ராஜ் சொல்லிக்கொடுத்திருந்தான், உலகம் முழுக்க எல்லோரும் சொல்கிற பொய் அதுதானாம். "சாவிங்க அம்மிணி. வண்டிச் சாவி. இங்கதான் எங்கியோ உளுந்துருச்சு."

சொன்னதோடு போய்விடுவார்கள் என்று நினைத்தான். கோயமுத்தூர்க்காரர்கள் போவார்களா. "அட கடவுளே, ஏங்க, இங்க வாங்க, இந்த அண்ணன் சாவியத் தொலைச்சுட்டாராமா. ஒரே சாவிங்களா, வூட்ல வேற இருக்குதுங்களா?" "வேற இல்லீங்க. பரவால்லீங்க, நான் பாத்துக்கறேன்." "நல்லாப் பாத்தீங்க போங்க, இருட்டுனா எங்க போயித் தேடுவீங்க?" அவள் புருஷன் போன் டார்ச்சை அடித்துப் பெஞ்சுக்கு அடியில் குனிந்தான். "எங்க வூட்ல சாவி தேடறதுதானுங்க எனக்கு வேலையே. போன மாசம் ஃப்ரிட்ஜுக்குள்ள இருந்து எடுத்தேன், தக்காளிக்குப் பக்கத்துல." "ஆமா, இவரு கண்ணாடிய நெத்தியில ஏத்திவுட்டுட்டு வூட்டையே பொரட்டிப்போட்டாரே, அதைச் சொல்லச் சொல்லுங்க." "அத இங்க எதுக்குடி சொல்ற?" "கேக்கறாரில்ல." அவன் கேட்கவில்லை. சட்டைப் பையில் சாவி கனத்தது. குனிந்தால் வெளியே விழுந்துவிடும் என்று ஒரு கையால் பையைப் பொத்திக்கொண்டான், நெஞ்சு வலிக்காரன் போல. இல்லாத சாவியை இரண்டு பேர் முழு மனதோடு தேடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றான். அதில் ஒரு வினோதமான ஆறுதல் இருந்தது, அவர்களுக்கும் ஒன்றும் கிடைக்கப்போவதில்லை. நல்ல கண்காரர்கள், சின்ன வயசு, கையில் டார்ச் வேறு. தேடட்டும். கொஞ்ச நேரம் தேடட்டும். "என்ன மாதிரிச் சாவிங்கண்ணா?" "பித்தளையில வேல் கோத்திருக்குங்க." "முருகர் எங்க போயிருவாரு, வந்துருவாரு," என்றாள் அந்தப் பெண். பிறகு, குனிந்தபடியே, வேறு எதையோ பார்த்துக்கொண்டே, போகிற போக்கில் சொன்னாள்: "இங்க ஒண்ணுமில்லீங்க. ஒரு சிகப்பு டப்பா ஒட்டிக்கிட்டிருக்குது, அவ்வளவுதான்."

எங்கே என்று கேட்டானா, வாய் மட்டும் அசைந்ததா, தெரியவில்லை. "இதா இருக்குதுங்களே, பெஞ்சுக் கால்ல." எந்தக் கால். "அட, இந்தக் காலுங்கண்ணா, நீங்க கை ஊனிட்டிருந்தீங்களே, அதுக்கு நேராக் கீழ." அவன் பெஞ்சைப் பார்த்தான். பெஞ்சு இருந்தது, சாம்பல் நிறத்தில், முழுசாக, ஒரு குறையும் இல்லாமல். "அதைத் தொடாதீங்க, என்ன எழவோ," என்றான் புருஷன். அந்தப் பெண் சென்னியப்பன் முகத்தையே பார்த்தாள். காலை மாற்றி மாற்றி வைப்பதை நிறுத்தியிருந்தாள். டார்ச் வெளிச்சத்தை அதன் மேல் அடிக்கச் சொன்னாள். வெளிச்சம் எங்கே போய் விழுந்தது என்றும் அவனுக்குத் தெரியவில்லை. அப்போது தலையைத் திருப்பினான், மோகன்ராஜோடு வேலிக்குப் பக்கத்தில் திருப்பியது போலவே, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், வந்தது. கட்டைவிரல் உயரம். தீயணைப்பு வண்டிச் சிவப்பு. ரிப்பன் சிவப்பு. காந்தத்தில் கம்பீரமாக உட்கார்ந்திருந்தது. "கண்ணுல எதாச்சும் பிரச்சனைங்களா அண்ணா?" என்று மெதுவாகக் கேட்டாள். "இல்லீங்க அம்மிணி," என்றான், பொத்தானை அமுத்தியது போல் உடனே. அவள் நம்பவில்லை என்பது அவள் அதற்கு மேல் கேட்காததிலிருந்து தெரிந்தது. "சாவி கெடைக்குலீன்னா வண்டிய இங்கியே உட்டுட்டு ஆட்டோல போயிருங்க. இருட்டுல தேடாதீங்க," என்றாள். போகும்போது திரும்பிப் பார்த்தாள். புருஷன் ஏதோ கேட்டான், அவள் உஸ் என்றாள்.

பெஞ்சில் உட்கார்ந்தான். கையை நீட்டி டப்பாவை எடுத்தான், கைக்கு அது உடனே கிடைத்தது. மூடி திருகலாக இருந்தது. உள்ளே காகிதச் சுருள், பீடி மாதிரி இறுக்கமாக. பிரித்தால் பேர்கள், தேதிகள், ஒன்று மட்டும் பெரிய பெரிய எழுத்தாக, வரிக்குள் அடங்காமல், யாரோ ஒரு குழந்தை எழுதியது, கடைசி எழுத்துக்கு இடம் இல்லாமல் கீழே இறங்கியிருந்தது. அதற்குக் கீழே காலி. சட்டைப் பையில் பேனா இருந்தது. எழுதினால் யாருக்குத் தெரியும்? டப்பா கையில் இருக்கிறது, எடுத்தவன் அவன். போனில் கிடைத்தது என்று போட்டால் மஞ்சள் முகம் ஒன்று சிரிக்கும், ஓசூரிலிருந்து மோகன்ராஜ் கைதட்டுவான், நாளைக்குக் காலையில் பாப்பாத்தியக்கா வேனைத் தட்டுவாள். காட்டாதபோதும் அமுத்தறீங்க. சந்துக்குள்ள போற வரைக்கும் நிப்பேன் என்றாள் பாப்பாத்தியக்கா, தன் மேல் தப்பு என்று அழுதாள், அவள் அழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றான், தடுக்கவில்லை. வண்டி ஓட்டாமல் அவன் யார்? பதினேழு வயதில் லாரியில் கிளீனராக ஏறியவன், அதற்குப் பிறகு இறங்கவே இல்லை. நடந்து போகும்போதுகூடக் கால் தானாகக் கிளட்சைத் தேடும். பேனாவின் மூடியைக் கழற்றினான். குழந்தையின் எழுத்துக்குக் கீழே முனையை வைத்தான். ஒரு புள்ளி விழுந்தது. மூடிவிட்டான். சுருளை அதே இறுக்கத்துக்குச் சுற்றி உள்ளே வைத்து, திருகி, டப்பாவை இருந்த இடத்தில் ஒட்டினான், அது டக்கென்று பிடித்துக்கொண்டது. போனில் கிடைக்கவில்லை என்பதை அமுத்தினான். நீல முகம் ஒன்று வாயைத் தொங்கப் போட்டது. அது இன்னும் திரையில் இருக்கும்போதே மணி அடித்தது, வேன் முதலாளி தனபால். "என்னப்பா, நாளைக்கு ஏழு மணிக்கு வண்டி கெளம்பிருமல்ல? கணபதி பக்கம் ரெண்டு குட்டீக புதுசா ஏறுது, ரெண்டும் எல்கேஜி, பாத்து ஏத்திக்கோ." சோளக்காரி அடுப்பை விசிறினாள், பொறி பறந்தது, பொறி மட்டும் தெரிந்தது. "அண்ணா, சாவி எங்கிட்டத்தான் இருக்குதுங்க." "உங்கிட்ட இல்லாம எங்க போகும்? என்னப்பா பேசற நீ?" "யாரையாச்சும் அனுப்பி வாங்கிக்கோங்கண்ணா. நான் சுங்கத்துக் குளத்துலதான் உக்காந்திருக்கேன்." அந்தப் பக்கத்தில் டிவி சத்தம் நின்றது. "சென்னி, என்னாச்சு?" நேரில் சொல்கிறேன் என்று போனை அணைத்தான். சாவியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துப் பெஞ்சில் தனக்கு இடது பக்கம் வைத்தான். பித்தளை சிமெண்டில் பட்ட சத்தம் கேட்டது. பிறகு நிமிர்ந்து நேராகக் குளத்தைப் பார்த்தான். தண்ணீர் இருந்தது, கம்பி இருந்தது, பெஞ்சு இருந்தது. சாவி இல்லை.